மூன்று படி

காளயுக்தி வருஷம், ஐப்பசி ஒன்பது.
பண்ணைப் பேரேட்டில் அன்று காலை எழுதியது:
நாற்று வயது முப்பத்தேழு நாள்.
ஆள் வரவு ஐந்து.

போன பிசானத்துக்கு அறுபது பெண்கள்
கன்னடியன் கால் மதகைத் தாண்டி
வரிசையாக வந்தார்கள்.
பெயர் கேட்டதில்லை.
தலையை எண்ணி, படியால் பெருக்கி
கூட்டிப் போட்டால் என் வேலை முடிந்தது.

காய்ச்சல் தூத்துக்குடிக் கப்பலில் வந்தது என்றார்கள்.
இல்லை, பட்டாளத்திலிருந்து திரும்பியவன்
சேரன்மாதேவி ஸ்டேஷனில் இருமிக்கொண்டே
இறங்கினான் என்றார்கள்.
திங்கள்கிழமை கமலை இறைத்தவனை
வியாழக்கிழமை ஊர்க்கணக்கில் கழித்தார்கள்.
என் கணக்கில் கழிக்க வழியில்லை.
அவன் வாங்கிய விதைநெல் அப்படியே நிற்கிறது,
வட்டியோடு.

கடைத்தெருவில் முதலில் சுக்கு தீர்ந்தது,
பிறகு கோடித்துணி.
எங்கேயோ நடந்த சண்டையில்
ஏற்கெனவே முழம் இரட்டை விலை.
ஜவுளிக்கடை மீராசா ராவுத்தர்
கடையைப் பூட்டி மேலப்பாளையம் போனவர்
வரவேயில்லை.
நெல் அளந்த சாக்கில் கட்டித் தூக்கினார்கள்.
சாக்கு ஒன்றுக்கு இரண்டணா.
அதையும் பற்றில் நான்தான் எழுதினேன்.

நாவிதர் வீட்டில் விளக்கில்லை.
வண்ணாந்துறைக் கல்லில் பாசி.
மேலத்தெருவில் பிணம் தூக்க
மேலத்தெருவே வரவேண்டியதாயிற்று.
பண்ணை குலசேகரம் பிள்ளை
மருமகளுக்கு விறகு பிளந்தார்.
கோடரி பிடிக்கத் தெரியாமல் மூன்று தடவை
மண்ணை வெட்டினார்.
பார்க்காததுபோல் நின்றேன்.

இனி வயல்.
ஐந்து பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள்,
இறங்கவில்லை.
நடுவில் பேராச்சி, மொட்டைக் கழுத்தோடு.

"மூணு படி" என்றாள் சேற்றைப் பார்த்து.

"எப்பவும் ரெண்டுதானட்டீ?"

"எப்பவும்னு சொன்ன காலத்துல
நாங்க அறுவது பேருல்லா."

பிள்ளைக்குக் கண் சிவந்தது.
"ஒம் புருசன் வாங்குன கடன் அப்படியே நிக்கு, தெரியுமா?"

"எசமான் போயி அவங்கிட்டயே கேளுங்க.
ஆத்தங்கரையிலதான் கெடக்கான்."

யாரும் பேசவில்லை.
கொக்கு ஒன்று நாற்றங்காலுக்குள் நடந்தது.
நாற்றில் ஒன்றைப் பிடுங்கி
நகத்தால் கீறிப் பார்த்தேன்;
கணு விழத் தொடங்கியிருந்தது.
இன்னும் நான்கு நாள். அப்புறம் மாட்டுக்குத்தான்.
ஆற்றுக்கு அக்கரைப் பண்ணையில்
மூன்றரைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று
காற்றில் ஒரு பேச்சு.
அவளுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

பிள்ளை குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.
விளக்கு வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.
தாழ்வாரத்தில் பேத்தி இருமிக்கொண்டிருந்தாள்.
"குடும். ஆனா மூணுன்னு எழுதாதேயும்.
கூலி ரெண்டு.
ஒண்ணு தருமம்னு எழுதும்."

எழுதினேன்.
நாலு நாளில் முக்கால்வாசி வயல் நட்டார்கள்;
கால்வாசி தரிசு.
நடவில் குலவை இல்லை,
இருமல் மட்டும் இடையிடையே.
மறு வருஷமும் மூன்று கேட்டார்கள், கொடுத்தோம்.
அதற்கு மறு வருஷமும்.
பேரேட்டைப் புரட்டுகிறவர்கள்
குலசேகரம் பிள்ளையைப் பெரிய தருமவான் என்பார்கள்.

முதல் நாள் சாயங்காலம்
களத்துமேட்டில் படியோடு நின்றேன்.
பேராச்சி முந்தானையை விரிக்கவில்லை.
"என்ன எழுதியிருக்கீய?"

"கூலி மூணுன்னு."

பொய் ஏட்டில் இருந்தது, வாயில் இல்லை;
அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் கையை நீட்டி
படியை என்னிடமிருந்து வாங்கினாள்.
அதுவரை அதைத் தொட்டவளில்லை.
கவிழ்த்து அடியைத் தட்டினாள்.
உள்ளே விரலை விட்டுத் தடவினாள்.

மெழுகு இருந்தது, அரை விரற்கடை கனத்துக்கு.

நான் பேனாக்கத்தியால் சுரண்டி முடிக்கும்வரை
நின்றாள்.